கனடாப் பெட்டியும் பிள்ளையாருக்கு நான் போட்ட நிபந்தனைகளும்

“இந்த முறையும் கூடித்தான் இருக்கு அம்மா. இன்னும் ஒரு மாதம் பாப்பம். இறங்காட்டி மெசினிலை போடத்தான் வேணும்.”

பெரியாஸ்பத்திரிச் சிறுநீரகக் கிளினிக்கில் என்னைப் பார்க்கும், என் பிள்ளை வயதுள்ள டொக்டர் பிள்ளை இதைச் சொன்னது கார்த்திகை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே மழை. என் சிறுநீரகம் இரண்டும் களைத்துப்போய் அப்போது மூன்று வருடம். களைத்த சிறுநீரகம் இரத்தத்தில் இருக்கிற பொட்டாசியம் என்ற உப்பை வெளியே தள்ளாதாம். அது சேர்ந்து சேர்ந்து ஒருநாள் நெஞ்சைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுமாம். அதற்குத்தான் மெசின். கிழமைக்கு மூன்று நாள் கட்டிலில் கிடத்தி, இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப விடுவார்கள். அந்த அறைக் கண்ணாடிக் கதவுக்குள்ளால் நான் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெளியே நோயாளிகள் உட்காரும் நீட்டு வாங்கில் வந்து இருந்து அழுதேன். அழுகிறேன் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தேன்.

என் பெயர் பூரணம். சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் குடியிருந்தேன். என்னோடு இருந்தவர் என் கணவரின் தங்கை அன்னலட்சுமி மச்சாள். கணவர் கண்மூடிய பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான். ஒரு குசினி, இரண்டு அடுப்பு. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. தெரியாது என்று இன்றுவரை ஒரே ஒருவரைத் தவிர வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை. கோயில் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டபடியால், பிள்ளையாருக்கு முன்னால் பொய் எழுதக்கூடாது என்று இப்போது சொல்கிறேன்.

எல்லாம் ஒரு பெட்டியால் வந்தது.

மகள் வசந்தி கனடாவில் இருக்கிறாள். அங்கிருந்து யார் வந்தாலும் எனக்கு ஒரு பார்சல் வரும். அந்த வருடம் ஆடி மாதம் வந்த பார்சலில் நாலு பெரிய பெட்டி இருந்தது. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற சாமான். சீரியல் என்று பெயர். பெட்டியின் முகத்தில் ஒரு மலை, ஒரு சூரியன், ஒரு பீங்கான் கோப்பை, பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயம். உள்ளே மண்ணிறத் தவிட்டுச் செதில்கள், முந்திரிகை வற்றல் என்கிற உலர்திராட்சை, பாதாம் பருப்பு, காய்ந்த வாழைப்பழ வட்டங்கள், அங்கொன்று இங்கொன்றாக அரிசிப் பொரி. டெலிபோனில் அவள் சொன்னாள்:

“அம்மா, நல்ல ஃபைபர். ஒவ்வொரு நாளும் சாப்பிடுங்கோ.”

அவளைக் குறை சொல்லக்கூடாது. எனக்குச் சிறுநீரக வருத்தம் என்று அவளுக்கு நான் சொல்லவே இல்லை. கொஞ்சம் பிரஷர் என்று மட்டும் சொல்லியிருந்தேன். பிள்ளை குளிருக்குள் வேலைக்குப் போகிறவள், கவலைப்படுவாள் என்று நினைத்தேன். அதோடு, பூரணத்துக்கு ஏலாமல் போயிற்று என்று கனடா முழுக்கக் கதை பரவுவதும் எனக்கு விருப்பமில்லை.

அன்று தொடங்கிக் காலையில் இடியப்பத்தை விட்டேன். பாண் ரொட்டியை விட்டேன். பெரிய கோப்பை நிறையச் சீரியல், மூழ்க மூழ்கப் பால். பெட்டி முடிய முடிய அடுத்த பார்சலில் இன்னும் வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சாப்பிடுவேன். எதிர்மாடிக்காரருக்குப் பெட்டி தெரியும்.

மச்சாள் முதல் நாளே மூக்கைச் சுழித்தார்.

“மச்சாள், உது மாட்டுத் தவிடு. ஊரிலை எங்கடை சிவப்பிக்கு வைச்சாலும் மூக்காலை தள்ளிவிடும்.”

“அப்ப கனடாக்காரர் எல்லாரும் மாடோ?”

“எனக்கென்ன தெரியும். இந்த வருத்தக்காரர் உதைத் தின்னலாமோ எண்டு ஆரிட்டையும் கேட்டனீங்களோ?”

“டொக்டரிட்டைக் கேட்டிட்டன்.”

கேட்டது உண்மை. காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டொக்டர் பிள்ளை கேட்டபோது நிமிர்ந்து இருந்து “சீரியல்” என்றேன். “அது பரவாயில்லை அம்மா, கொஞ்சமாய்ச் சாப்பிடுங்கோ” என்றார். பரவாயில்லையை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கொஞ்சத்தைக் கிளினிக் வாங்கிலேயே விட்டுவிட்டு வந்தேன். எது சாப்பிடலாம், எது கூடாது என்று அவர்கள் ஒரு தாளும் தந்தார்கள். ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் ஆங்கிலம். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே ஆறுதலாகப் பார்த்து, தலையை ஆட்டி, மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்தேன். மூன்று மாதமாக அது அங்கேதான் பத்திரமாக இருந்தது.

வாயால் சொன்னதையெல்லாம் கேட்டு நடந்தேன். செவ்விளநீர் கூடாது என்றார்கள், விட்டேன். தக்காளியை விட்டேன். கீரையை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சாப்பிட்டேன். வாழைப்பழத்தைத் தொடவில்லை. சீரியலில் இருந்த வட்டம் வாழைப்பழம்தான் என்று நாக்கு சொன்னது. காய்ந்தால் குணம் மாறியிருக்கும், அதுவும் கனடாவில் காய்ந்தது என்று மனம் சொன்னது. நான் மனதைக் கேட்டேன்.

எண் ஏறிக்கொண்டே போயிற்று. டொக்டர் பிள்ளைக்கும் விளங்கவில்லை.

“அம்மா, ஒளிச்சுக்கிளிச்சு ஏதும் சாப்பிடுறியளோ?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒளித்துச் சாப்பிடுகிற ஆளா நான்? ஜன்னலைத் திறந்து வைத்தல்லவா சாப்பிடுகிறேன்!

மெசின் என்று சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியால் நேரே கோயிலுக்குப் போனேன். பிள்ளையார் பெருங்கதை விரதம் தொடங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. இருபத்தொரு நாள் ஒருவேளைச் சோறு, மற்ற வேளைக்குப் பாலும் பழமும், பின்னேரம் கோயிலில் கதை படிக்கக் கேட்பது. இந்த விரதத்தை எத்தனையோ வருடம் பிடித்திருக்கிறேன். இந்த முறை உயிருக்காகப் பிடிக்கிறேன் என்று பிள்ளையாருக்குச் சொன்னேன். தலையில் குட்டிக்கொண்டு, மடியாத முழங்காலை மடித்துத் தோப்புக்கரணம் போட்டுச் சொன்னேன்:

“அப்பனே, இந்த வருத்தத்துக்கு எது ஒத்துவரேல்லை எண்டு எனக்குக் காட்டித் தா. எழுத்திலை வேண்டாம், எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது எண்டு உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலை நாலு பேருக்கு முன்னாலை வேண்டாம், மானம் போகும். வசந்திக்குத் தெரிய வேண்டாம். முக்கியமாய், மச்சாளின்ரை வாயாலை மட்டும் வேண்டாம்.”

அழுதழுதுதான் சொன்னேன். ஆனால் நிபந்தனை ஒன்றையும் மறக்கவில்லை.

விரதம் தொடங்கியது. இடது கையில் காப்பு நூல் கட்டினேன். இப்போது நான் செய்த பெரிய வேலையைக் கேளுங்கள். ஒருவேளைதான் சோறு. மற்றதற்குப் பாலும் பழமும். என் சீரியலில் பால் இருக்கிறது, பழமும் இருக்கிறது. பிறகென்ன? காலையில் ஒரு கோப்பை, கதை கேட்டு வந்த பிறகு ஒரு கோப்பை. முன்பு ஒருவேளை தின்றதை விரதத்தின் பெயரால் இரண்டு வேளை தின்றேன். பொட்டாசியத்தை இறக்கு, இறக்கு என்று பிள்ளையாரிடம் மன்றாடிக்கொண்டு, அவருடைய விரதத்தாலேயே அதை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் பாவம், வயிற்றில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்திருப்பார்.

மச்சாள் பொறுக்கமாட்டாமல் பத்தாம் நாள் கேட்டார்.

“விரதத்துக்குத் தவிடு எந்தப் புராணத்திலை கிடக்கு?”

“விரதகாரரோடை வாய் குடுக்காதைங்கோ, பாவம்.”

“நான் ஏன் குடுக்கிறன். நீங்கள் இப்பிடியே திண்டு அண்ணையிட்டைப் போனால், பாத்துக்கொண்டு நிண்டனீயோ எண்டு அவர் கேக்கப்போறது என்னையெல்லோ.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி கழுவப் போய்விட்டார். அன்று அரிசியை நாலு தரம் கழுவினார். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மச்சாளின் வாயால் வேண்டாம் என்று நான் முன்னமே சொல்லியிருந்தபடியால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

விரதம் முடிந்து நாலாம் நாள் கிளினிக். கால் வீங்கியிருந்தது. படியிறங்கும்போது நெஞ்சு ஒருமுறை தடக்கித் தடக்கி அடித்தது. இரத்தம் கொடுத்த பிறகுதான் காலைச் சாப்பாடு. அதனால் சீரியலைக் கொண்டு போவது என் வழக்கம். சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டு போகலாம். நான் பெட்டியோடுதான் கொண்டு போவேன். கிளினிக் வாங்கில் பெட்டியை மடியில் வைத்து, கண்ணாடியைப் போட்டு, அதிலுள்ள ஆங்கிலத்தில் விரலை ஓட்டிக்கொண்டு இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மரியாதையோடு பார்ப்பார்கள்.

அந்த நாட்களில் காலி வீதியில் பஸ்ஸை மறிக்காத நாள் இல்லை. அன்றும் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் மறித்தார்கள். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பையைத் திறந்தபடி வரிசையாக நடக்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்களைச் சோதித்தது ஒரு பொலிஸ் பிள்ளை. முப்பது வயது வராது. பிள்ளையாரே, இவர்களிடமிருந்து காப்பாற்று என்று சொல்லிக்கொண்டே போய் நின்றேன்.

என் பையில் கைவிட்டவள் பெட்டியை எடுத்தாள். குலுக்கினாள். கடகட என்றது. திரும்பக் குலுக்கினாள். இன்னும் பலமாகக் கடகட என்றது. அவள் முகம் மாறியது. துப்பாக்கியோடு நின்ற ஆமிக்காரன் ஒருவன் கிட்ட வந்தான். வரிசை பின்னுக்கு நகர்ந்தது.

“அம்மே, மே மொனவாத?”

இது என்ன என்று கேட்கிறாள். என் சிங்களம் மீன்காரனோடு விலை பேசுகிற அளவுக்குத்தான். “கேம, கேம” என்று வாயைக் காட்டினேன். சாப்பாடு. அவள் மேசையில் ஒரு பத்திரிகையை விரித்து, பெட்டியைக் கவிழ்த்தாள். என் கனடாச் சீரியல், காலி வீதியில், ஒரு பஸ் நிறைந்த சனத்துக்கு முன்னால் குவியலாகக் கிடந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு கிளினிக் கொப்பியை எடுத்து விரித்தாள். மடித்து வைத்த தாள் விழுந்தது. எடுத்து வாசித்தாள். கொப்பியைப் பார்த்தாள். குவியலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“வக்குகடு?” என்று இடுப்புக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினாள். சிறுநீரகம்.

ஓம் என்று தலையாட்டினேன்.

அவள் ஏதோ படபடவென்று சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. பின்னால் நின்ற முஸ்லிம் அம்மா ஒருவர்தான் அதைத் தமிழில் சொன்னார்.

“அம்மா, அந்தப் புள்ளைட வாப்பாக்கும் இதே நோவாம். அனுராதபுரம் பக்கமாம். வயல் செய்ற மனிசனாம். இந்தச் சாமான் உங்களுக்குத் திங்க ஏலாதாம்.”

“அது கனடாச் சாமான்” என்றேன் நான். அந்த நேரத்திலும்!

“எந்த ஊருச் சாமானா இருந்தாலும் சரிதான் அம்மா, அவ சொல்றதக் கேளுங்களேன்.”

பொலிஸ் பிள்ளை குனிந்து பிரிக்கத் தொடங்கினாள். சுளகில் கல் பொறுக்குகிற மாதிரி. வாழைப்பழ வட்டங்களை எடுத்து ஒரு பக்கம் தள்ளினாள். “எப்பா.” வேண்டாம். முந்திரிகை வற்றலைத் தள்ளினாள். “எப்பா.” பாதாம் பருப்பைத் தள்ளினாள். அதையாவது அவள் தன் வாயில் போட்டுக்கொள்வாள் என்றுதான் நான் நினைத்தேன். போடவில்லை. தவிட்டுச் செதிலைக் கை நிறைய அள்ளி அந்தப் பக்கமே போட்டாள். “எப்பா, அம்மே, எப்பா.” கடைசியில் கூடாத பக்கம் ஒரு மலை. கூடும் பக்கம் வெளிறிப்போன அரிசிப் பொரி ஐந்தாறு. ஒன்றை விரல் நுனியில் எடுத்து என் உள்ளங்கையில் வைத்துச் சிரித்தாள். அவள் மணிக்கட்டிலும் ஒரு வெள்ளை நூல் இருந்தது. அவர்களின் கோயிலில் கட்டுவது.

“யா அல்லாஹ், இவ்வளவையுமா தின்டீங்க?” என்றார் முஸ்லிம் அம்மா. “இது எங்கட வீட்டு ஆட்டுக்கும் சரிவராது போல.”

முதலில் மாடு. இப்போது ஆடு. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுத்தில் வேண்டாம் என்றேன், ஒரு எழுத்தும் இல்லாமல் பிரித்துக் காட்டிவிட்டார். ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்றேன், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடித்துவிட்டார். றோட்டில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. வசந்திக்குத் தெரியாது. மச்சாள் வீட்டில் இருந்தார். ஒரு நிபந்தனையும் தவறவில்லை. யாரிடமிருந்து காப்பாற்று என்று கேட்டேனோ, அவளைக் கொண்டே காப்பாற்றினார்.

நன்றி சொல்ல எனக்குச் சிங்களத்தில் வார்த்தை வரவில்லை. தலையில் குட்டிக்கொண்டு அந்த இடத்திலேயே ஒரு தோப்புக்கரணம் போட்டேன். ஆமிக்காரன் பயந்துவிட்டான். பிறகு அவள் எல்லாவற்றையும் திரும்பப் பெட்டியில் கொட்டித் தந்தாள். கூடும் ஐந்தாறையும் கலந்து.

கிளினிக்கில் அன்று இரத்தம் கொடுத்துவிட்டுப் பட்டினியாக இருந்தேன். எண் முன்னையைவிடக் கூட. டொக்டர் பிள்ளை மெசினுக்குத் தாள் எழுதப் பேனையை எடுத்தார். நான் பெட்டியைத் தூக்கி அவர் மேசையில் வைத்தேன்.

“இதுதான் நான் சொன்ன சீரியல்.”

அவர் பெட்டியைத் திருப்பி வாசித்தார். தலையில் கைவைத்தார்.

“ஐயோ அம்மா! சீரியல் எண்டு சொல்ல நான் வெறும் கோன்பிளேக்ஸ் எண்டெல்லோ நினைச்சன். எவ்வளவு சாப்பிடுறனீங்கள்?”

“ஒரு கோப்பை.” கையால் அளவைக் காட்டினேன். “விரதத்திலை ரெண்டு.”

“அந்தத் தாளிலை எல்லாம் போட்டிருக்கே. வாசிக்கேல்லையோ?”

அந்த நேரம் நான் பட்ட பாடு பிள்ளையாருக்குத்தான் தெரியும். கண்ணாடி கையில் இருந்தது. மங்கல், சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. உள்ளங்கையில் அந்த ஒரு பொரி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது பிள்ளை” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துக் கிட்ட வந்து, அந்தத் தாளை எனக்குத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று நெஞ்சில் வயர் பூட்டிப் பார்த்தார்கள். பொட்டாசியத்தை இறக்கக் குடிக்கிற ஒரு மாவும் தந்தார்கள். ஒரு இரவு வார்டில் வைத்தார்கள். மெசினுக்கு எழுதவில்லை. இரண்டு கிழமை பார்ப்போம் என்றார்.

மறுநாள் மச்சாள் வார்டுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருக்கலாம்தான். ஆனால் பிள்ளையார் அவ்வளவு தூரம் இறங்கி வந்தபிறகு நானும் ஒரு படியாவது இறங்க வேண்டாமா?

“நீங்கள் ஆடியிலேயே சொன்னது சரி மச்சாள்.”

மச்சாள் கொண்டுவந்த சாப்பாட்டை மேசையில் வைத்தார். பிறகு, “என்ன சொன்னனீங்கள்? காது கேக்கேல்லை, இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றார். மூன்று தரம் சொல்ல வைத்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்டது. மூன்றாம் தரம் சொல்லும்போது அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமை கழித்து எண் இறங்கியது. அடுத்த மாதம் இன்னும் இறங்கியது. சிறுநீரகம் புதிதாகிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன், அது அதே பழைய சிறுநீரகம்தான். ஆனால் அதற்குப் பிறகு சண்டையும் முடிந்து வருடங்கள் போய்விட்டன. இன்றுவரை நான் மெசினுக்குப் போகவில்லை.

இப்போதும் காலையில் சீரியல்தான் சாப்பிடுகிறேன். ஒன்றும் கலக்காத வெறும் கோன்பிளேக்ஸ், இல்லாவிட்டால் உப்பில்லாத அரிசிப் பொரி. சின்னக் கோப்பையில் முக்கால். பால் அரைக் கோப்பைக்கு மேல் இல்லை. வற்றல் இல்லை, பருப்பு இல்லை, தவிடு இல்லை. பெட்டியில் மலை இருந்தாலும் சூரியன் இருந்தாலும், தெரிந்த ஒருவரைக் கொண்டு பின்பக்கத்தை வாசிப்பித்துவிட்டுத்தான் திறப்பேன். இது எனக்குச் சொன்ன அளவு. உங்கள் அளவை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். கேட்கும்போது பெட்டியையும் கொண்டு போங்கள்.

மிஞ்சிய கனடாப் பெட்டியை மச்சாளிடம் கொடுத்தேன். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாட்டுத் தவிடு என்று சொன்ன அதே வாயால், எனக்கு முன்னால் இருந்து, மொறுமொறு என்று சத்தம் கேட்கச் சாப்பிடுவார். ஜன்னலையும் திறந்து வைப்பார்.

அந்தப் பொலிஸ் பிள்ளையைத் தேடி, ஒரு மோதகப் பொட்டலத்தோடு இரண்டு முறை போனேன். அவளை வடக்குப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று அந்த ஆமிக்காரன்தான் சொன்னான். என்னை ஞாபகம் வைத்திருந்தான், தோப்புக்கரணம் போட்டுக் காட்டினான். மோதகத்தை அவனிடமே கொடுத்தேன். பிறகு கோயிலுக்குப் போய், அவளுக்கும் அவளுடைய தகப்பனுக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னேன்.

“பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ அம்மா” என்றார் ஐயர்.

“தெரியாது.”

“ரெண்டு பேருக்குமோ?”

“ஓம். தகப்பனுக்கு அனுராதபுரம். சிறுநீரக வருத்தம். மகள் பொலிஸ்.”

“பேரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. சுவாமிக்கு நான் ஆரெண்டு சொல்லுறது?”

“நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ ஐயா. அவளை அனுப்பினவருக்கு அவளைத் தெரியாதோ?”

ஐயர் சிரித்துக்கொண்டு செய்தார். ஒவ்வொரு சதுர்த்திக்கும் இப்போது அவரே கேட்கிறார்: “அம்மா, பொலிஸ் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் தானே?”

அடியார்களே, உங்களுக்கும் ஏலாத நேரம் வரும். அப்போது பயப்படாமல் பிள்ளையாரிடம் போய்க் கேளுங்கள். அவருக்குப் பெரிய காது. ஆனால் இன்னாருடைய வாயால் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் அதையும் கேட்டுக்கொள்வார். பிறகு வீட்டுக் குசினியில் கிடைத்திருக்கும் பதிலுக்கு, என்னைப்போல் நீங்களும் காலி வீதி வரைக்கும் போய் வரிசையில் நிற்கவேண்டி வரும்.